நாலாம் நம்பர் டேங்க்

மச்சினன் வேலைக்கு வந்து சேர்ந்த அன்று மாஸ்டருக்கு விடிந்ததிலிருந்தே வயிறு எரிந்தது. சாப்பாட்டினால் வந்த எரிச்சல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துப் பழைய எரிச்சல். இத்தனை நாள் சாம்பல் மூடிக் கிடந்ததை அன்றைக்கு யாரோ ஊதிவிட்டார்கள்.

மாஸ்டர் பீர் காய்ச்சுகிறவர். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. ஆறு டேங்க், ஒரு கொப்பரை, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது மேஜை, அவ்வளவுதான் இடம். காய்ச்சுவதை அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள், கொஞ்சம் பாட்டிலிலும் அடைப்பார்கள். இப்போது அதற்குக் கிராஃப்ட் பீர் என்று பெயர் வந்துவிட்டது, கிளாஸை ஆட்டி முகர்ந்து பார்க்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் உள்ளே கால் வைத்தபோது இந்தப் பவிசெல்லாம் கிடையாது. தரை கழுவ வந்தவர். தரையிலிருந்து பீப்பாய், பீப்பாயிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து கொப்பரை என்று பதினைந்து வருஷம் தேய்ந்து மாஸ்டர் ஆனவர். இரண்டு முட்டிக்கும் வலி, வலது கையில் காஸ்டிக் சோடா பட்ட தழும்பு. மனிதருக்குச் சொந்தமாகச் சேர்ந்தது இவைதான்.

மச்சினன் பல் டாக்டர். மனைவியின் ஒரே தம்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கிளினிக் திறந்த அன்று மாஸ்டரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கோட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர், "இவர் யாரு, என்ன பண்றாரு?" என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்க மாமா. சோடா கம்பெனில இருக்காரு," என்றான். அதோடு விட்டானா? போட்டோ எடுக்கும்போது, "மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க," என்றான். அந்தப் போட்டோவில் மாஸ்டரின் பாதிக் காது மட்டும் இருக்கிறது. அந்தக் காதை அவர் மறக்கவே இல்லை.

அந்த மகானுபாவன்தான் இப்போது கிளினிக்கை மூடி, நாற்காலியை விற்று, ஆறு வார வகுப்பு ஒன்றுக்குப் போய், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, பீர் காய்ச்ச வந்து நிற்கிறான். முதலாளியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவன் அவன்தான். பிடுங்கும்போதே பேச்சு முடிந்துவிட்டது. மாஸ்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உன் தம்பிக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அவர் வீட்டில் கேட்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பன்னெண்டு வருஷமா ஒருத்தர்கூட சிரிச்சுக்கிட்டு அவன்கிட்ட வந்ததில்லையாம். எல்லாரும் பயந்துக்கிட்டே வர்றாங்களாம். அவனுக்கு மனசு விட்டுப் போச்சு. சந்தோஷமா ஒரு வேலை செய்யணுமாம்."

"நாப்பது வயசுல திடீர்னு சந்தோஷம் வந்தா டாக்டரப் பாக்கணும்."

"அவனே டாக்டர்தானே. நீங்க அவன நல்லா வச்சுக்கங்க, போதும்."

நல்லா வச்சுக்கிறதா? மாஸ்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாத பதில்தான் அவரோடு தினமும் வேலைக்குப் போயிற்று.

வெறும் பழைய கோபம் என்றால்கூட நாளாவட்டத்தில் ஆறியிருக்கும். இன்னொன்று இருந்தது. முதலாளி நகரத்தின் மறுகோடியில் இரண்டாவது இடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு புது டேங்க், பளபளவென்று. அதற்குத் தலைமையாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தாம்தான் என்று மாஸ்டர் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார், முதலாளியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினன் வந்த மூன்றாவது வாரம் அந்தப் பேச்சு மாறியது.

"டாக்டர் நல்லா பேசுறாரு மாஸ்டர். வர்றவங்களுக்கு அவரப் புடிச்சிருக்கு. டாக்டர் காய்ச்சின பீருன்னு சொன்னாலே ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க," என்றார் முதலாளி, பல் இல்லாத இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். மாசக் கடைசில சொல்றேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அது இதுதான். மாஸ்டருக்கு அன்றிலிருந்து மச்சினனின் நிழல்கூட ஆகாமல் போயிற்று.

வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். மச்சினன் முளைகட்டின பார்லி மூட்டையைத் தூக்கினால், "பாத்து மாப்ள, அது பல்லு இல்ல, மால்ட்டு," என்பார். கொப்பரை கிண்டினால், "பாயசமா கிண்டுற?" என்பார். அவன் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். எதைப் பார்த்தாலும் எழுதுவான். எழுதிவிட்டு, "இது ஏன் மாமா இப்படி?" என்று கேட்பான். மாஸ்டரிடம் அதற்கு ஒரே பதில்தான்.

"ஏன்னு கேட்டா வேலை நடக்காது. சொன்னதைச் செய்."

சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பாட்டில் பிரிவைப் பார்க்கிற அக்காவுக்கும், டேங்க் மேலே ஏறுகிற நெட்டையனுக்கும் ஒவ்வொன்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்; அவளுக்கே ஈஸ்ட் எப்போது பசியோடிருக்கும், எப்போது தூங்கும் என்பது அத்துப்படி. மச்சினனுக்கு மட்டும் அந்த வாய் பூட்டிக்கொண்டது. ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டவன்தானே, மீதியையும் அங்கேயே போய்க் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வந்த முதல் வாரத்திலேயே மச்சினன் ஒரு தப்புப் பண்ணியிருந்தான். பீர் இருந்த டேங்கிலிருந்து ருசி பார்க்க ஒரு கிளாஸ் பிடித்துவிட்டு, மேல் வால்வை அரைகுறையாக மூடிவிட்டு வந்துவிட்டான். காற்றுப் பட்டால் பீர் கெட்டுப்போகும், ஈர அட்டை மாதிரி வாடை வரும். பெரிய சேதம் இல்லை. ஆனால் மாஸ்டருக்கு அல்வா கிடைத்தாற்போல் ஆயிற்று. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"பன்னெண்டு வருஷம் ஊரார் வாயைத் தெற தெறன்னு சொன்ன பழக்கம் போகல பாத்தியா. இங்க தெறக்குறதுக்கு ஆள் தேவையில்ல மாப்ள, மூடுறதுக்குத்தான் தேவை. இன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆறு டேங்குக்கும் போற. ஒவ்வொண்ணோட மேல் வால்வையும் தொட்டுப் பாக்குற. நம்பரைச் சொல்லி, மூடியிருக்குன்னு எனக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்ற."

மச்சினனின் முகம் சிவந்தது. ஆனாலும் செய்தான். தினமும் சாயங்காலம் ஆறு ஏணி ஏறி இறங்கினான். "ஒண்ணு, மூடியிருக்கு. ரெண்டு, மூடியிருக்கு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் கூடவே சொல்லிச் சிரித்தார்கள். நாற்பது நாள் இது நடந்தது. நாற்பது நாள் சொன்னால் கிளிக்கே பழகிவிடும், மனிதனுக்குப் பழகாதா?

இப்போது அந்த இடத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மேலே போக முடியாது.

பீரை இறக்கின பிறகு காலி டேங்கைக் கழுவுவார்கள். காஸ்டிக் சோடா கரைத்த சுடுதண்ணீரைப் பம்ப் மேலே ஏற்றும், அது உள்ளே மழை மாதிரி கொட்டும். அந்த நேரத்தில் மட்டும் மேல் வால்வு திறந்தே இருக்க வேண்டும். பீர் இருக்கும்போது மூடு, கழுவும்போது திற. அதனால் பம்ப் ஸ்விட்சைப் போடுகிறவர் கீழேயிருந்து, "மேல?" என்று குரல் கொடுக்க வேண்டும். ஏணியில் நிற்கிறவன் வால்வைக் கையால் தொட்டுப் பார்த்து, "திறந்திருக்கு," என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது. இது மாஸ்டரே கொண்டுவந்த வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவரே மேல் வால்வை மறந்துவிட்டுப் பம்ப்பைப் போட்டார். டேங்க் முனகிற்று. பாய்ந்து ஏறித் திறந்தார், தப்பித்தது. நாலாம் நம்பரின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் காற்றைத் தானே உள்ளே விடுகிற குட்டி வால்வு ஒன்றை அதன் தலையில் பொருத்தினார்கள். அது நுரை காய்ந்து அடைத்து மூன்று வருஷம் ஆயிற்று. மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே நாலாம் நம்பரின் உயிர் அந்த இரண்டு வார்த்தையில்தான் இருந்தது.

மச்சினன் ஒருமுறை இதைக் கேட்டான். "கழுவுறப்ப மட்டும் எதுக்கு மாமா இப்படிக் கத்திக்கிறீங்க?"

"அது எங்க பாஷை," என்றார் மாஸ்டர். "ஆறு வாரத்துல வராது."

அவன் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நெட்டையனுக்குக் கன்னம் வீங்கியது. மச்சினன் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைப் பார்த்து, "இதை இன்னும் வச்சிருந்தா தாடையே கெட்டுப்போகும்ணே," என்று சொல்லி, தெரிந்த டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினான். நல்லதுதான் செய்தான். ஆனால் அன்றைக்கு நாலாம் நம்பரைக் கழுவ வேண்டிய நாள். மேலே ஏற ஆள் இல்லை.

"மாப்ள, நீ ஏறு," என்றார் மாஸ்டர்.

அதைச் சொல்லும்போது அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. இதை அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். ஆள் இல்லை, ஏறச் சொன்னார், அவ்வளவுதான்.

மச்சினன் ஏறினான். குழாயை மாட்டினான், இறுக்கினான். அப்புறம் நாற்பது நாள் பழகின கை தானாகப் பக்கத்திலிருந்த மேல் வால்வுக்குப் போயிற்று. நெட்டையன் காலையில் டாக்டரிடம் போகுமுன் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். மச்சினன் அதைத் திருகி மூடினான். தொட்டுப் பார்த்தான். "நாலு, மூடியிருக்கு," என்றான், கணீரென்று.

பாட்டில் இயந்திரம் அன்று ஓடவில்லை. அக்கா மேஜையில் உட்கார்ந்து கையால் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மாஸ்டரின் கை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மேலேயிருந்து மச்சினனும் அவரைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ இடித்தது. வழக்கமாகக் கீழேயிருந்து ஒரு குரல் வருமே, வரவில்லையே என்று காத்திருந்தான். கேட்கலாமா என்று வாய் திறந்தான். ஏன்னு கேட்டா வேலை நடக்காது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டான்.

ஒரே வார்த்தை. "மேல?" என்று ஒரே வார்த்தை. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, தூக்கத்தில்கூட வருகிற வார்த்தை. மாஸ்டரின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே அந்தப் பாதிக் காது ஞாபகத்துக்கு வந்தது. சோடா கம்பெனி ஞாபகத்துக்கு வந்தது. பன்னிரண்டு புது டேங்கும் பளபளத்துக்கொண்டு வந்து நின்றன. வார்த்தையை விழுங்கினார். ஸ்விட்சைப் போட்டார்.

முதல் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு நாலாம் நம்பர் முனக ஆரம்பித்தது. மச்சினன் ஏணியில் நின்றபடி குனிந்து டேங்கைப் பார்த்தான். அவன் கால் வைத்திருந்த இடத்துக்குக் கீழே இரும்பு உள்வாங்கியது. "மாமா, என்னமோ ஆகுது," என்றான். மாஸ்டர் ஸ்விட்சை அணைக்கப் போனார், உண்மையாகவே போனார், ஆனால் அந்த நேரத்துக்கு அது போதாது. பழைய பள்ளத்திலிருந்து தொடங்கி, காலால் மிதித்த தகர டப்பா மாதிரி, இரண்டாள் உயர டேங்க் ஒரே மடக்காக மடங்கி நசுங்கிற்று. ஏணி சரிந்தது. மச்சினன் பக்கத்து டேங்கின் கம்பியைப் பிடித்துத் தொங்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கீழே இறங்கினான். குழாய் பிடுங்கிக்கொண்டு காஸ்டிக் தரையெல்லாம் ஓடியது. அக்கா மேஜை மேல் ஏறி நின்றாள்.

முதலாளி அரை மணியில் வந்தார். டேங்கைச் சுற்றி ஒருதரம் நடந்தார். செத்த யானையைப் பார்க்கிறாற்போல் பார்த்தார்.

"யாரு மேல் வால்வ மூடுனது?"

"நான்தான் மூடினேன்," என்றான் மச்சினன்.

"யார் மூடச் சொன்னா?"

அவன் மாஸ்டரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "யாரும் சொல்லல சார். பழக்கத்துல மூடிட்டேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் பள்ளம் போட்டபோது தோளைத் தட்டின அதே முதலாளி இப்போது குதி குதி என்று குதித்தார். டாக்டராவது மண்ணாவது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பம்ப்புகிட்ட."

"அவரு மூடுனது தெரியலையா?"

"சத்தத்துல கேக்கல சார்," என்றார் மாஸ்டர்.

மேஜை மேல் நின்ற அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அவளிடமும் கேட்டார். "உனக்கு ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"நான் லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தேன் சார்," என்றாள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

சாயங்காலம் மச்சினன் தன் பூட்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, கொப்பரை கழுவிக்கொண்டிருந்த மாஸ்டரின் எதிரே நின்றான்.

"ஏன் நசுங்குச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவாவது."

என்னமோ தெரியவில்லை, மாஸ்டருக்கு அப்போது வாய் திறந்தது. "பீர் எறக்குனதும் உள்ள கேஸ் நெறஞ்சிருக்கும். காஸ்டிக் அந்த கேஸக் குடிச்சுடும். உள்ள ஒண்ணுமே இல்லாமப் போயிடும். மேல தெறந்திருந்தா வெளிக்காத்து உள்ள பூந்து அந்த எடத்தை நெறப்பும். மூடியிருந்தா வெளிக்காத்தே டேங்க அமுக்கிடும்."

மச்சினன் நோட்டை எடுத்து நிதானமாக எழுதிக்கொண்டான். எழுதி முடித்து மூடி, "ரெண்டு நிமிஷம்கூட ஆகல," என்றான். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்."

மாஸ்டர் கொப்பரையைத் தேய்த்தார்.

"நான் மூடியிருக்குன்னு சொன்னேன் மாமா. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"பம்ப் சத்தம்."

"பம்ப் அப்ப ஓடல."

மாஸ்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார். மச்சினன் குரலை உயர்த்தாமலே, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி சொன்னான்.

"உங்களைச் சோடா கம்பெனின்னு சொன்னது தப்புதான். எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க மறக்கலேன்னும் தெரியும். ஆனா அதுக்கு ஒரு டேங்க் ஜாஸ்தி மாமா. நான் மேலே நின்னுக்கிட்டு இருந்தேன்."

போய்விட்டான். அந்தக் கடைசி வார்த்தையை மாஸ்டர் அதுவரை யோசிக்கவே இல்லை. டேங்க் போகும், அவன் வேலை போகும், அவன் மானம் போகும் என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்காக நினைத்தவருக்கு, ஏணியில் ஓர் ஆள் நிற்கிறான் என்பது நினைவில்லை. மனைவியின் தம்பி. அதையும் அவர் கோபமாகவே மாற்றிக்கொண்டார்: ஏன், ஏறத் தெரியாதவன் எதுக்கு வந்தான்?

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள், சாதம் போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி போன் பண்ணான். தப்பு அவன் மேலதான்னு சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவன் சொல்றதுதான்."

"ஆறு வருஷமா தூக்கத்துல மேல, மேலன்னு கத்துறீங்க. நானே எத்தனையோ நாள், தெறந்திருக்கு படுங்கன்னு சொல்லியிருக்கேன். சொன்னாத்தான் தூங்குவீங்க." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு மட்டும் கத்தலையா?"

மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. அவரும் பல நாள் விடியும் வரை விழித்துக்கிடந்தார்.

மாசக் கடைசியில் முதலாளி சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள்? புது இடத்துக்கு மாஸ்டர்தான் தலைமை. கதவில் அவர் பெயரை எழுதிப் பலகை மாட்டினார்கள். பன்னிரண்டு டேங்கும் வரிசையாக நின்றன. கண்ணாடி மாதிரி ஒவ்வொன்றிலும் அவர் முகம் தெரிந்தது. கூட வேலைக்கு இரண்டு பேரை அழைத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. மாஸ்டர் நெட்டையனையும் அக்காவையும் அழைத்துக்கொண்டார். தாம் கைபிடித்து வளர்த்த ஆட்கள். அவர்களை விட்டால் அவருக்கு வேறு யார்?

முதல் நாள் முதல் வேலை, முதல் டேங்கைக் கழுவுவது. மாஸ்டர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஏறுடா நெட்டை," என்றார்.

நெட்டையன் ஏணியின் மேல் கை வைத்தான், கால் வைக்கவில்லை. பல் பிடுங்கின கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

"ஏறுறேன் மாஸ்டர். ஆனா நீங்க ஸ்விட்சத் தொடக்கூடாது. அக்கா போடட்டும்."

"என்னடா பேசுற? இங்க யாரு மாஸ்டர்?"

"நீங்கதான். அதனாலதான் சொல்றேன்."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இவனிடம் அவள்தான் சொல்லியிருக்கிறாள். முதலாளியிடம் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறாள். மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இஷ்டம் இல்லேன்னா ரெண்டு பேரும் கெளம்புங்க. உங்களை நம்பி நான் பொறக்கல."

யாரும் கிளம்பவில்லை, யாரும் ஏறவும் இல்லை. முதல் நாள் வேலை ஆரம்பித்தாக வேண்டும், மதியத்துக்குள் முதலாளி வந்துவிடுவார். மாஸ்டர் நெட்டையனைத் தள்ளிவிட்டுத் தாமே ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முட்டி கடகடவென்றது. மேலே போய்க் குழாயை மாட்டி, மேல் வால்வை முழுசாகத் திறந்து, கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

அக்கா ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். விரல் அதன் மேல் இருந்தது. அவரையே பார்த்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் காத்திருந்தார். புது டேங்குக்கு நல்ல குட்டி வால்வு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வால்வை விட்டுக் கையை எடுக்கவில்லை. கீழேயிருந்து அந்த ஒரு வார்த்தை வரட்டும் என்று பார்த்தார். கூடத்தில் எந்த இயந்திரமும் ஓடவில்லை. நெட்டையன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

யாரும் கேட்காமலே மாஸ்டர் சொன்னார். "திறந்திருக்கு."

அக்கா அசையவில்லை.

"திறந்திருக்கும்மா," என்றார் மறுபடி, கொஞ்சம் சத்தமாக.

"கேக்கல மாஸ்டர்," என்றாள் அவள். விரலை ஸ்விட்சிலிருந்து எடுக்கவும் இல்லை.